பத்துத் தரகரும் ஒரே மனையும்

முதலீட்டுக்கு ஓர் இடம் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், அறிவுரை ஒன்று தவறாமல் வந்து விழும்: “ஒருத்தனையே நம்பி உட்காராதீங்க. நாலு புரோக்கர்கிட்ட சொல்லி வைங்க. எவன் கொறைச்சு முடிக்கிறானோ அவன்கிட்ட முடிச்சுக்குங்க.” மாமனார் சொல்வார், அலுவலக நண்பர் சொல்வார். இரண்டு மனை வாங்கி அதில் ஒன்றை விற்க முடியாமல் வைத்திருப்பவரும் இதையேதான் சொல்வார். சென்னைப் புறநகரில் பணம் போட நினைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு இது கேள்வி கேட்கக் கூடாத விதியாகிவிட்டது. இது தவறான விதி. குடியிருக்க வாங்குபவருக்கே தவறு. முதலீட்டுக்கு வாங்குபவருக்கு இரட்டிப்புத் தவறு.

எதிர்த்தரப்பின் வாதங்களைக் குறைக்காமல் வைத்துவிடுகிறேன். அமெரிக்காவில் தரகர்கள் தங்கள் பட்டியலை ஒரு பொதுத் தளத்தில் பகிர்ந்துகொள்கிறார்கள்; எந்த ஒருவரைப் பிடித்தாலும் விற்பனைக்கு வந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிடலாம். இங்கே அப்படி ஒன்று இல்லை. ஒவ்வொரு தரகரின் சரக்கும் அவரவர் தலையிலும் கைபேசியிலும் இருக்கிறது, ஆகவே பலரைப் பிடிக்க வேண்டும் என்பது முதல் வாதம். போட்டி இருந்தால் விலை இறங்கும் என்பது இரண்டாவது. எழுத்தில் எதுவும் இல்லை, முடித்தால்தான் கமிஷன், பத்துப் பேரிடம் சொன்னாலும் காலணா செலவில்லை என்பது மூன்றாவது. ஒருவர் மறைப்பதை இன்னொருவர் சொல்லிவிடுவார் என்பது நான்காவது. நான்கும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றன.

1. ஆளுக்கொரு சரக்கு வைத்திருக்கிறார்களா?

தனித்தனிப் பகுதிகளின் தரகர்களுக்கு இது உண்மை. ஒரே பகுதிக்குள் உண்மையில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக மனை தேடுவோரின் அலைச்சல் கூடியிருக்கிறது. அங்கே ஐந்து தரகரிடம் உங்கள் தேவையைச் சொல்லுங்கள். ஐந்து பேரிடமிருந்தும் வாட்ஸ்அப்பில் படம் வரும். அரை கிரவுண்டு, வடக்குப் பார்த்தது, முப்பதடி ரோடு, சர்வே எண்ணை மட்டும் மறைத்திருப்பார்கள். நேரில் போய் நின்றால்தான் தெரியும், ஐந்தில் மூன்று ஒரே மனை. தரகர்கள் தங்களுக்குள் குழு வைத்திருக்கிறார்கள். காலையில் ஒருவர் போட்டது மாலைக்குள் எல்லோருடைய சரக்காகவும் ஆகிவிடுகிறது.

பலரைப் பிடிப்பதால் உங்களுக்குக் கிடைப்பது புதிய மனை இல்லை, அதே மனைக்கு நீளமான ஒரு சங்கிலி. உரிமையாளர் தன் ஊர்த் தரகரிடம், “என் கைக்கு 60 லட்சம் வந்தா போதும், மேல வர்றது உன் சாமர்த்தியம்” என்று சொல்லியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். ஊர்த் தரகர் அடுத்தவரிடம் 61 என்கிறார். அவர் உங்கள் தரகரிடம் 62½ என்கிறார். உங்கள் காதில் விழுவது 64. இதற்கு மேல் 2 விழுக்காடு கமிஷன் தனியாக. பத்துப் பேரைச் சுற்றுகிறவர் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் பெரும்பாலும் போய் நிற்பார். ஏனென்றால் முதல் கண்ணியில் இருக்கும் ஊர்த் தரகர், “பார்ட்டி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருக்கு” என்று தெரிந்ததுமே நல்ல மனையைக் காட்டுவதை நிறுத்திவிடுகிறார். இடத்தைப் பார்த்துவிட்டு வேறொருவர் வழியாக முடித்துவிடுவார்கள் என்பது அவருடைய நிரந்தர பயம். அந்த பயம் வீணானதும் இல்லை.

2. போட்டி யாருக்கும் யாருக்கும்?

கத்தரிக்காய் விற்கும் இரண்டு கடைக்காரர்கள் போட்டி போட்டால் விலை இறங்கும், ஏனென்றால் விலை அவர்கள் கையில் இருக்கிறது. தரகர் கையில் மனையின் விலை இல்லை, அவருடைய கமிஷன் மட்டுமே இருக்கிறது. கணக்குப் போட்டே பார்ப்போம். 80 லட்ச ரூபாய் அடுக்ககத்துக்கு 2 விழுக்காடு என்றால் கமிஷன் 1,60,000. தரகர் உங்களுக்காகப் பத்து நாள் மல்லுக்கட்டி விலையை 75 லட்சமாக இறக்குகிறார். உங்களுக்கு 5 லட்சம் மிச்சம். அவருடைய கமிஷன் 1,50,000 ஆகிறது. உங்களுக்கு 5 லட்சம் மிச்சப்படுத்தித் தந்ததற்கு அவர் பெறும் பரிசு 10,000 ரூபாய் நட்டம். விற்பவரிடமும் அதே விகிதத்தில் வாங்குகிறவர் என்றால் நட்டம் 20,000.

ஒரே ஒரு தரகர் என்றாலும் இந்தக் கோணல் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்பது போட்டியாளர்களைச் சேர்த்தால் கோணல் நிமிர்வதில்லை, இன்னும் வளைகிறது. பேரம் பேசும் அந்தப் பத்து நாளில் மற்றவர் முடித்துவிட்டால் இவருக்குக் கிடைப்பது சுழி. ஆகவே அவர் பேரம் பேச மாட்டார், ஓடுவார். “சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு. இன்னிக்கே டோக்கன் போட்டுடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.” இது பேராசையில் மட்டும் பிறக்கும் வசனம் என்று நினைக்கிறோம். போட்டியை ஏற்படுத்திய நாமே அவர் கையில் எழுதிக் கொடுத்த வசனம் அது. தரகர்களுக்குள் நடப்பது வேகப் போட்டி. அதில் முதலில் பலியாவது மூலப்பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டுவதற்கு வேண்டிய அந்த ஒரு வாரம்.

3. விற்பவர் காதில் என்ன விழுகிறது என்று யோசித்தீர்களா?

இந்தக் கேள்வியை அறிவுரை சொல்பவர்கள் கேட்பதே இல்லை. ஒரு வாரத்தில் நான்கு தரகர்கள் ஒரே மனையைப் பற்றி அதன் உரிமையாளரிடம் பேசுகிறார்கள். நான்கு பேருக்குப் பின்னாலும் இருப்பவர் நீங்கள் ஒருவரே. அது அவருக்குத் தெரியாது. நான்கு பார்ட்டி வந்துவிட்டது என்று நினைக்கிறார். போன வாரம் 60 என்றவர் இந்த வாரம் “வீட்ல கலந்துக்கணும்” என்கிறார். அடுத்த வாரம் 65. ஏலத்தில் தனக்கு எதிராகத் தானே கை தூக்குகிறவரைப் பார்த்தால் சிரிப்போம். இங்கே அதையே சாமர்த்தியம் என்கிறோம்.

4. செலவில்லையா?

பதிவு முடிந்த அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். “நான்தான் மொதல்ல இடத்தைக் காட்டினேன்” என்பார் ஒருவர். “நான்தான் பேசி முடிச்சேன்” என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும், அதுதான் சிக்கல். எழுத்தில் எதுவும் இல்லாததால் கடமையும் இல்லை என்று நினைப்பது அறியாமை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவர் உறவுக்கு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. வாய்ச்சொல்லாலும் நடத்தையாலும் அது உண்டாகும். தனி ஒப்பந்தம் இல்லாதபோது வேலை முடிந்ததும் ஊதியம் தர வேண்டியதாகிறது என்கிறது 219-ஆம் பிரிவு. எது வேலை, யார் முடித்தார் என்பதற்குத்தான் தாளில் பதில் இருந்திருக்க வேண்டும். இல்லாதபோது நடப்பதென்ன? இருவருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறோம்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதே சட்டத்தின் 216-ஆம் பிரிவு, உங்கள் முகவர் உங்களுக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் அந்தக் காரியத்தை நடத்தினால் அதில் அவர் அடைந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை தருகிறது. சட்டமே சொல்லும் உதாரணம் வீடு வாங்குவதுதான். ஒரு வீட்டை வாங்கித் தரச் சொன்னால், ‘அது கிடைக்காது’ என்று சொல்லிவிட்டு முகவர் தானே வாங்கிக்கொள்கிறார். அவர் கொடுத்த விலைக்கே உங்களுக்கு விற்கும்படி நீங்கள் கட்டாயப்படுத்தலாம். மேலே வைத்து விற்கும் நம்மூர் வழக்கத்துக்கு எதிராக 150 ஆண்டுக்கு முந்தைய சட்டத்தில் இப்படி ஓர் ஆயுதம் கிடக்கிறது. அதை எடுக்க முதலில் அவர் உங்கள் முகவர் என்று நிறுவ வேண்டும். பத்துப் பேரிடம் போகிற போக்கில் சொல்லி வைத்தவருக்கு முகவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இருப்பவர்கள் எல்லோரும் தகவல் சொன்னவர்கள் மட்டுமே.

மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா இருக்கிறதே என்பார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தரகரைப் பதிவு செய்யச் சொல்வது உண்மை. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், உச்சமாக அந்தச் சொத்தின் விலையில் 5 விழுக்காடு வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தக் கட்டாயம், பதிவு பெற்ற திட்டங்களில் கட்டுநர் விற்கும் வீடு, மனைகளுக்கு மட்டும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் பழைய மனைக்கும் பழைய அடுக்ககத்துக்கும் தரகு செய்பவரை அந்தப் பிரிவு தொடுவதில்லை. முதலீட்டுக்கு வாங்குவோர் அதிகம் புழங்குவது அந்தத் தொடாத சந்தையில்.

5. ஒருவர் மறைப்பதை இன்னொருவர் சொல்வாரா?

சொல்வார், தன்னுடைய மனையை விற்பதற்காக. “அந்த லேஅவுட்ல தண்ணி நிக்கும் சார்” என்பவரின் லேஅவுட்டிலும் தண்ணீர் நிற்கும், அதை மூன்றாமவர் சொல்வார். ஐந்து தரகர்களின் குற்றச்சாட்டுகளைச் சேர்த்தால் செங்கல்பட்டு மாவட்டத்தில் வாங்கத் தகுந்த ஒரு சென்ட்கூட மிஞ்சாது. சந்தேகத்தைத் தீர்க்க வேண்டிய இடம் வேறு. வில்லங்க விவரங்களைப் பதிவுத்துறைத் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த் துறைத் தளத்தில் பார்க்கலாம். வழிகாட்டி மதிப்பு தெருவாரியாகக் கிடைக்கிறது. பக்கத்து மனைகளின் வில்லங்கச் சான்றில் ‘கைமாற்றுத் தொகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அக்கம்பக்கத்தில் அண்மையில் எத்தனைக்குப் பதிவானது என்று அதில் தெரியும். உண்மை விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம், கறுப்பில் கைமாறியதைப் பத்திரம் சொல்லாது. ஆனாலும் ஐந்து தரகர்களின் வாய்ச்சொல்லை விட அந்த ஒரு கட்டம் கெட்டியான ஆதாரம்.

6. புதிய அடுக்ககத்துக்காவது பல தரகர் உதவுவார்களா?

அங்கே இன்னும் வீண். கட்டுநரின் விற்பனை அலுவலகத்தில் உங்கள் கைபேசி எண்ணை முதலில் பதிவு செய்யும் தரகரின் பெயரில் நீங்கள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒதுக்கப்பட்டுவிடுவீர்கள். பிறகு யார் அழைத்துப் போனாலும் கமிஷன் அவருக்கே. விலை எவர் வழியாகப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டுநர் தரும் கமிஷனில் கொஞ்சத்தை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன் என்று ஒரு தரகர் சொல்லக்கூடும். உங்களிடம் இருந்த ஒரே பேரச் சீட்டு அது. எண்ணை ஐந்து பேருக்குக் கொடுத்த அன்றே, முகம்கூடப் பார்த்திராத ஒருவரிடம் அந்தச் சீட்டு போய்விட்டது.

7. முதலீட்டுக்குத் தரகரிடம் எதை வாங்குகிறோம்?

இதுவரை சொன்னதெல்லாம் பணக் கணக்கு. என் அடிப்படை மறுப்பு இங்கேதான் இருக்கிறது.

குடியிருக்க வாங்குகிறவருக்கு வீடு பிடித்திருந்தால் தப்புகள் பலவற்றை வாழ்ந்தே கழித்துவிடலாம். முதலீட்டாளருக்கு அந்த வசதி இல்லை. அதே 80 லட்ச ரூபாய் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2. முழுத் தொகைக்கும் பதிவு செய்தால் 7,20,000. கமிஷன் 1,60,000. உள்ளே நுழைய மட்டும் 8,80,000. மாத வாடகை 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000, அதாவது போட்ட விலைக்கு 3 விழுக்காடு. பராமரிப்பு, சொத்து வரி, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எதையும் கழிக்காமலே, நுழைவுச் செலவு மூன்றரை ஆண்டுக்கும் மேலான வாடகையைத் தின்றுவிடுகிறது. தவறான சொத்தை வாங்கி விற்றால் இது திரும்பி வராது. ஆகவே முதலீட்டாளருக்கு மிக விலை மதிப்புள்ள வாக்கியம், “சார், இது வேணாம்.”

அந்த வாக்கியத்தை யார் சொல்வார்? அந்த அடுக்ககத்தில் ஏற்கெனவே பல வீடுகள் ஆளில்லாமல் இருப்பது உள்ளூர்த் தரகருக்குத் தெரியும். அந்த மனைக்குப் பட்டா இன்னும் பழைய ஆள் பெயரில் கூட்டாக இருப்பதும், வாரிசுகளில் ஒரு பெண் கையெழுத்துப் போட மறுப்பதும் அவருக்குத் தெரியும். அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் வந்த விதிகள் 2016 அக்டோபர் 20 வரை பிரித்து விற்றவற்றுக்கே பொருந்தும் என்பதும், இந்த மனைப்பிரிவு அதற்குப் பின் போட்டது என்பதும் தெரியும். சொன்னால் என்ன ஆகும்? நீங்கள் பின்வாங்குவீர்கள், இன்னொரு தரகர் வேறொன்றைக் காட்டி முடிப்பார், உண்மை சொன்னவர் பெட்ரோல் காசையும் இழப்பார். ஒன்பது போட்டியாளர்களுக்கு நடுவே நிற்கும் தரகருக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கட்டுப்படியாகும். அவரை அப்படி நிறுத்திவிட்டு, ‘புரோக்கர் எவனும் உண்மை சொல்றதில்லை’ என்று நாமே புலம்புகிறோம்.

இந்த மனையைத் தட்டிவிட்டாலும் அடுத்த மனை தன் வழியாகவே நடக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவருக்குத்தான் ‘வேணாம்’ என்று சொல்ல வாய் வரும். வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. ஆள் வைக்க, குழாய் உடைந்தால் ஆள் அனுப்ப, ஐந்தாண்டு கழித்து விற்க என்று சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் முதலீட்டாளருக்கு உள்ளூரில் ஒருவர் வேண்டும். பத்துப் பேரை ஓடவிட்டவருக்கு அப்படி ஒருவரும் மிஞ்சுவதில்லை.

8. ஒருவரையே நம்பினால் ஏமாற்ற மாட்டாரா?

ஏமாற்றலாம். ஒருவரிடம் போ என்று நான் சொல்வது கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்வதல்ல. ஊருக்கு ஒருவர் என்பதே என் கணக்கு. கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம், ஒரகடம் மூன்றையும் பார்க்கிறீர்களா, மூன்று தரகர்கள் இருக்கட்டும். ஒரே பகுதிக்குள் இரண்டாவது ஆள் கூடாது. பொதுப் பட்டியல் இல்லை என்ற எதிர்த்தரப்பின் முதல் வாதத்தில் இருந்த உண்மைக்கும் இதில் இடம் கிடைத்துவிடுகிறது.

தரகரைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்று: அந்தப் பகுதியில் அவர் வழியாக வாங்கிய இரண்டு பேரையும் அவரே குடிவைத்த இரண்டு வாடகைதாரர்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் சங்கிலியின் நடுக்கண்ணி.

“எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் எந்தப் புரோக்கரும் ஓடிவிடுவார்” என்பது அடுத்த ஆட்சேபம். எந்தத் தாள் என்பதைப் பொறுத்தது. அவரைக் கட்டிப்போடும் தாளைக் கண்டால் ஓடுவார். ‘60 நாளைக்கு இந்தப் பகுதியில் நான் எது வாங்கினாலும் உங்கள் வழியாகத்தான்’ என்று முதல் வரியில் இருந்தால் நின்று படிப்பார், அவருக்கு யாரும் தராத உறுதி அது. அடுத்த வரியில் நீங்கள் கேட்பது: கமிஷன் விழுக்காட்டில் வேண்டாம், நிலையான தொகையாக இருக்கட்டும், இறக்கித் தரும் ஒவ்வொரு லட்சத்துக்கும் தனியாக ஒரு தொகை. மேலே பார்த்த 80 லட்சக் கணக்கில், லட்சத்துக்கு 10,000 என்று வைத்தால் 5 லட்சம் இறக்கிய தரகருக்கு 50,000 கூடுகிறது, நட்டம் ஆதாயமாகிறது. எந்த விலையிலிருந்து இறக்குவது என்பதையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் 80-ஐ 85 என்று சொல்லிவிட்டு இறக்குவார். பக்கத்து மனைகளின் கைமாற்றுத் தொகையைப் பார்த்துவிட்டு அந்தத் தொடக்க விலையை நீங்களே வைப்பது நல்லது. விற்பவரிடமும் அவர் கமிஷன் வாங்குவாரா, வாங்கினால் எவ்வளவு என்பது மூன்றாவது வரி. வாங்கட்டும், மறைக்கக் கூடாது. அட்வான்ஸ் தொகை எதுவானாலும் வழக்கறிஞர் கருத்து கைக்கு வந்த பிறகே, அதுவும் வங்கி வழியாக. நில விற்பனை முன்பணத்தை 20,000 ரூபாய் முதல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது.

60 நாளில் உருப்படியாக ஒன்றும் காட்டவில்லையா, தாள் காலாவதி. அடுத்தவரிடம் போகலாம். பழையவர் காட்டிய மனைகளின் சர்வே எண்களைப் பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால் பின்னால் வாசலில் சண்டை வராது. ஒரே நேரத்தில் பத்துப் பேரிடம் போவதற்கும் ஒருவர் பின் ஒருவராகப் போவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இரண்டாவது முறையில் ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்குக் கூலி உண்டா என்பது தெரிந்திருக்கும்.

விட்டுப்போகிற ஒரு வரி உண்டு. அந்த 60 நாளுக்குள் உரிமையாளர் ஒருவர் பலகை மாட்டி, தரகர் யாருமில்லாமல் நேரடியாக உங்களுக்கே விற்க வந்தால்? சுத்தமாக ஒன்றும் கிடையாது என்று எழுதினால் தரகர் மறுபடி அவசரப்படத் தொடங்குவார். முழுக் கமிஷன் என்பது உங்களுக்கு அநியாயம். பாதி என்பது என் கட்சி. அந்தத் தெருவில் என்ன விலை சரி என்பதை அதற்குள் அவர்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்.